அய்யனார் மாட்யூல்

அய்யனார் என்று ஒரு மாட்யூலை நம் நிறுவனம் செய்ததாகவும், அது ஓடத் தொடங்கிய முதல் நாளே படுத்துவிட்டதாகவும், அதனால்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றும் கேண்டீனில் ஒரு கதை உலவுகிறதாம். போன வாரம் வந்திருந்தபோது என் காதிலேயே விழுந்தது. மூன்றுமே தவறு. அப்படி ஒரு மாட்யூலை நாம் செய்யவே இல்லை. செய்யாத ஒன்று படுப்பதற்கும் வழியில்லை. நான் வீட்டுக்குப் போனது வயதாகிவிட்டதால். உண்மையில் நடந்தது இதைவிடக் கேவலம். அதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் என் பக்கம் கொஞ்சமாவது அழகாக இருக்கும் என்ற நப்பாசைதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களில் பாதிப் பேர் கிருஷ்ணன்கோவிலில் படித்தவர்கள். நான்கு வருடம் கல்லூரிப் பேருந்தில் தூங்கியிருப்பீர்கள். நான் மில் பேருந்தில் தூங்கியவன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு நடுவயதில் இந்த நிறுவனத்துக்கு வந்தேன். ப்ரோகிராம் எழுதுவதில் நான் சுமார்தான். ஆனால் ஆங்கிலத்தில் நீளமாக எழுதுவேன். அந்த ஒரு தகுதியை வைத்து என்னை ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள்.

கான்பன் பலகை உங்களுக்குத் தெரியும். திரையில் வரிசையாகப் பத்திகள்: செய்ய வேண்டியவை, காத்திருப்பவை, நடப்பவை, சோதனையில் இருப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. வேலை நகர நகர கார்டும் இடமிருந்து வலமாக நகரும். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் நிலைமை புரிந்துவிடும். அப்படிப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காக இருந்தவன் நான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பலகையைப் பார்த்து வாடிக்கையாளருக்கு நிலவர அறிக்கை எழுதுவேன். ‘கணிசமான முன்னேற்றம்’ என்று எழுதினால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம் என்று பொருள். ‘இறுதிக் கட்டத்தில் உள்ளது’ என்றால் யார் செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ‘கவனத்தில் கொண்டுள்ளோம்’ என்றால் மறந்துவிட்டோம்.

“அண்ணாச்சி, நீங்க எழுதுனதப் படிச்சா நாம நெசமாவே வேல பாத்த மாதிரி இருக்கு” என்பார் மாரீஸ்வரி. நம் சோதனைப் பிரிவின் தலைவி. மகாராஜபுரத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். தினமும் பேருந்தில் வந்து போவார். நான் அதைப் பாராட்டு என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஏஐ ஏஜென்ட் வந்தது. வெங்கட் ராஜாதான் கொண்டுவந்தான். உங்களுக்கு இப்போது டீம் லீடராக இருக்கும் அதே வெங்கட். பலகையை அதுவே படிக்கும். கார்டுகளுக்குள் யார் என்ன எழுதியிருந்தாலும் படிக்கும். வெள்ளிக்கிழமை மதியம் அறிக்கையை எழுதி, ‘அனுப்பலாமா?’ என்று கேட்கும். நாம் ‘சரி’ என்று தட்டினால் போய்விடும். கூட்டத்தில் பேசியதை எழுதிப் போட்டால் அதிலிருந்து புதுக் கார்டுகளையும் உண்டாக்கும்.

“மாதிரிக்கு உங்க பழைய ரிப்போர்ட் அத்தனையும் குடுத்திருக்கேன் சார். உங்க ஸ்டைல் அப்படியே வரும்” என்றான் வெங்கட்.

வந்தது. முதல் அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. நான் ஒரு மதியம் முழுக்கத் திணறிக் கொண்டுவருகிற ‘இறுதிக் கட்டத்தில் உள்ளது’ அதற்குச் சட்டென்று வந்திருந்தது, அதுவும் சரியான இடத்தில். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் நாற்காலியைச் சாய்த்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுப் பார்த்தேன். வயிற்றெரிச்சல் போய்விட்டது. முதலில் அறிக்கையை வரிக்கு வரி படித்தேன். போகப் போக, கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோலப் படித்தேன். பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும்.

அந்தச் சமயத்தில் கையில் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை. அவர்களுக்குப் பழைய கட்டடத்தில் ஒரு சாஃப்ட்வேர், புதுக் கட்டடத்தில் ஒரு சாஃப்ட்வேர். இரண்டிலும் இருந்த நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக்கி நம் புது சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நம் பக்கத்துப் பெயர்களை யோசித்துப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே வயதில், எத்தனை மாரியம்மாள்! எத்தனை முத்துக்குமார்! இந்த மாரியம்மாளும் அந்த மாரியம்மாளும் ஒருவரா, இருவரா என்பதை ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கையால் சரிபார்த்து நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெதுவான வேலை. அதனால் ப்ராஜெக்ட்டும் மெதுவாகப் போனது. ஆட்கள் எல்லோரும் வாடிப்போனார்கள்.

அவர்களைக் கொஞ்சம் உற்சாகப்படுத்த, அய்யனார் கோவில் அருவிக்கு ஒரு நாள் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அருவியில் அப்போது தண்ணீர் இல்லை. மலையில் மழை பெய்து தண்ணீர் விழுந்ததும் போவதாகப் பேச்சு. வாக்கு மறக்காமல் இருக்க நானே பலகையில் ஒரு கார்டு போட்டேன். ‘தண்ணீர்’, ‘குளியல்’ என்றெல்லாம் எழுதினால் நம் எம்.டி. கண்ணில் பட்டு வம்பாகிவிடும் என்று நாகரிகமாக ஆங்கிலம் கலந்து எழுதினேன்: ‘அய்யனார். ஃப்ளோ ஸ்டார்ட் ஆனதும் கோ.’ அதைக் ‘காத்திருப்பவை’ பத்தியில் வைத்தேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பெயர்களைச் சரிபார்த்துவிட்டு ‘சரி’ தட்டினேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கூட்டம். நானும் மாரீஸ்வரியும் போயிருந்தோம். எதிரே நிர்வாக அலுவலர் கிரேஸ் மேடம். குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் அவர் பேனாவை மேசையில் வைத்தால் அந்த அறையில் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுவதுபோல இருக்கும். அன்று பக்கத்தில் பெரிய டாக்டரும் உட்கார்ந்திருந்தார். அவர் வருவதே அபூர்வம்.

கிரேஸ் மேடம் நம் அறிக்கையை அச்செடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

“சார், இதுல ‘அய்யனார் மாட்யூல், தரவு ஓட்டம் தொடங்கியதும் லைவ் செய்யப்படும், இறுதிக் கட்டத்தில் உள்ளது’ன்னு போட்டிருக்கீங்க. இது என்ன புதுசா?”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. ஃப்ளோ. கோ. அடியில் என்னுடைய சொந்த ‘இறுதிக் கட்டம்’.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் நான் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, வேலை பின்தங்கிக் கிடக்கும்போது நாங்கள் குளிக்கப் போகத் திட்டம் போடுகிறோம். இரண்டு, அறிக்கையை நான் எழுதவில்லை. மூன்று, படிக்கவும் இல்லை. அதுவும் பெரிய டாக்டருக்கு முன்னால். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். மூடியைத் திருகினேன். மறுபடி திறந்தேன்.

கிரேஸ் மேடம் என் மேல் இரக்கப்பட்டவர்போலத் தானே தொடர்ந்தார். “அய்யனாருன்னா காவல் தெய்வம்ல? அப்ப இது பாதுகாப்புக்கா? ஒரே பேர்ல இருக்க பேஷண்ட்டுகள மாத்திக்கிடாமக் காவல் காக்குததா?”

என்னால் இதைவிட நல்ல பொய்யை யோசித்திருக்க முடியாது. அவர் அதைத் தட்டில் வைத்து நீட்டினார்.

“ஆமா மேடம். கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்” என்றேன்.

பெரிய டாக்டர் தலையாட்டினார். “நல்ல பேரு” என்றார். மாரீஸ்வரி மேசைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தார். அவரிடம் கேட்டால் கால் தவறிப் பட்டது என்பார்.

திரும்பி வரும் பேருந்தில், ராஜபாளையம் நெருங்கும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கே போன் போட்டு சொல்லிருங்க அண்ணாச்சி.”

“சொல்லிருவேன். செத்த பொறும்மா. டாக்டர் இல்லாத நேரமாப் பாத்துப் பக்குவமா சொல்லணும்.”

“நேரம் போகப் போக அது பழுக்காது. அழுகும்.”

நான் சன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். வாதத்தில் தோற்கும்போது நான் எப்போதும் இயற்கையை ரசிப்பேன்.

மறுநாள் கூட்டக் குறிப்பைப் பலகையில் ஏற்றினோம். ஏஜென்ட் அதைப் படித்தது. மதியத்துக்குள் ‘அய்யனார்’ கார்டு பிள்ளை குட்டிகளோடு நின்றது. ‘ஒரே பெயருள்ள நோயாளிகளைக் கண்டறிதல்’, ‘வயது, ஊர் ஒப்பிடல்’, ‘சந்தேகமானவற்றைத் தனியே காட்டுதல்’ என்று ஒழுங்கான உட்கார்டுகள். எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் நான்.

மாரீஸ்வரி வந்து என் திரையைப் பார்த்தார். “நீங்க சொன்ன பொய்க்கு இது வேல பிரிச்சுக் குடுத்திருக்கு. நம்ம பயலுவளவிட சுறுசுறுப்பு.”

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முட்டாள்தனமான யோசனைகள் என்னிடம் எப்போதும் தீர்வுபோல வேடம் போட்டுக்கொண்டுதான் வரும். இல்லாத மாட்யூலைச் செய்துவிட்டால் சொன்னது பொய் ஆகாதே! வெங்கட்டைக் கூப்பிட்டேன்.

“சின்னதா ஒண்ணு எழுதிர முடியுமா?”

“முடியும் சார். ஆனா சரியா வரதுக்கு நாளாகும். இப்ப கைல இருக்க வேலைய யாரு பாக்கதாம்?”

“நேரம் கெடைக்கும்போது எழுது.”

அவன் நேரம் கிடைக்கும்போது எழுதினான். நேரம் கிடைக்கவில்லை. இருந்தாலும் முதல் கோப்பைத் திறந்த அன்றே நல்ல பிள்ளையாகக் கார்டை ‘நடப்பவை’க்கு நகர்த்திவிட்டான். அந்த வாரம் அறிக்கையில் ‘அய்யனார்: கணிசமான முன்னேற்றம்’ என்று வந்தது. ஏஜென்ட்டின் மேல் குற்றமே இல்லை. என் அகராதியில் அது முற்றிலும் சரியான சொல்.

இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகள் அப்படியே ஓடின. ஆஸ்பத்திரியில் புது சாஃப்ட்வேரைத் தொடங்க ஒரு திங்கட்கிழமையைக் குறித்தோம். அதற்கு முந்தைய நாட்களில் மலையில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தகவல் வந்தது. சனிக்கிழமை மாலை நோயாளிகளின் விவரங்களை எல்லாம் புது சாஃப்ட்வேரில் ஏற்றி முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை வேன் பிடித்து அய்யனார் கோவிலுக்குக் கிளம்பிவிட்டோம். பெரிய வேலைக்கு முன்னால் ஆட்கள் கொஞ்சம் ஆறட்டும் என்று நான் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்திருந்தேன். மாரீஸ்வரி மட்டும் வரவில்லை.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் ஆஸ்பத்திரில கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டார்.

தலையில் தண்ணீர் விழும்போது உலகத்தில் எந்த ப்ராஜெக்ட்டும் இல்லை. கரையில் துணிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த வெங்கட் கையைக் காட்டிக் கத்தினான். என் போன். அந்த இடத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். இடுப்பில் துண்டோடு ஒரு பாறை மேல் ஏறி நின்று காதில் வைத்தேன்.

“அண்ணாச்சி, பதிவேட்டுப் பிரிவுல ஆளே இல்ல.” மாரீஸ்வரியின் குரல். “அந்த ரெண்டு அக்காவையும் இன்சூரன்ஸ் கவுண்டருக்கு மாத்திட்டாங்களாம். போன வாரமே. ஏன்னு கேட்டா, இனிமே அய்யனார் பாத்துக்கிடும்னு மேடம் சொல்லிட்டாவளாம்.”

“கையால சரிபாக்கதையே நிறுத்திட்டாவளா?”

“நிறுத்தியாச்சு. பாக்காம விட்ட பேரையெல்லாம் நம்ம ப்ரோகிராம் என்ன செஞ்சிருக்கு தெரியுமா? பேரு, வயசு, ஊரு மூணும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளுன்னு சேத்துருச்சு. ரெண்டு மாரியம்மா ஒண்ணாயிட்டாவ. அதுல ஒருத்தருக்குப் பென்சிலின் ஒத்துக்கிடாதுன்னு பழைய சிஸ்டத்துல செவப்புல போட்டிருக்கு. புதுசுல அந்த எடம் காலியாக் கெடக்கு.”

சிக்னல் போய்விட்டது. நான் பாறையில் அங்கும் இங்கும் நகர்ந்து, கையைத் தூக்கி, ஒரு காலில் நின்று பார்த்தேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் நான் ஏதோ வேண்டுதல் செய்வதாக நினைத்திருப்பார்கள். ஒருவழியாக மறுபடி கிடைத்தது.

அதற்குள், பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த வெங்கட் பலகையைத் தன் போனில் திறந்துவிட்டான். கிரேஸ் மேடம் அறிக்கைக்குப் பதில் அனுப்பியிருக்கிறார், கையால் சரிபார்ப்பதை நிறுத்தப்போவதாக. ஏஜென்ட் அதை ஒழுங்காக அய்யனார் கார்டில் சேர்த்து, என்னையும் கேட்டிருக்கிறது: ‘வாடிக்கையாளர் இதை நிறுத்துவது சரியா? உறுதிசெய்யவும்.’ அதற்குக் கீழே என் பதில்: ‘சரி.’ எப்போது தட்டினேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. சலூனில் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், வரிசையாக வந்த கேள்விகளுக்கெல்லாம் கட்டைவிரலால் சரி சரி என்று தட்டியது மட்டும் நினைவிருக்கிறது. அவற்றில் ஒன்றாக இருக்கும்.

வெங்கட் முகம் வெளுத்திருந்தது. ஆனால் புத்தி வேலை செய்தது. “சார், லேப்டாப் வேன்ல இருக்கு. கீழ எறங்கி சிக்னல் கெடைக்கிற எடத்துல உக்காந்தா, சேந்துபோன பேரையெல்லாம் திரும்பப் பிரிச்சிரலாம்னு நெனைக்கேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம். யாருக்கும் தெரியவே வேண்டாம்.”

யாருக்கும் தெரியவே வேண்டாம். அந்த வார்த்தை எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. ‘சரி’ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதில்தான் எனக்கு நல்ல பழக்கமாயிற்றே.

போனில் மாரீஸ்வரி இன்னும் இருந்தார். வெங்கட் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

“அண்ணாச்சி, அந்த மாரியம்மா இப்ப வார்டுலதான் இருக்காவ. நாளைக்கு அவியளுக்கு பித்தப்பை ஆபரேஷன். இப்பதான் எட்டிப் பாத்துட்டு வாரேன். இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ. என்னையப் பாத்து ‘நீ சாப்பிட்டியா தாயி’ன்னு கேட்டாவ.”



அதுவரை எனக்கு நோயாளி என்றால் ஒரு வரி. பெயர், வயது, ஊர். அந்த வரி இப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெங்கட் கெட்டிக்காரன்தான். ஆனால் பிரித்துவிடலாம் என்று அவன் ‘நினைக்கிறான்’. எத்தனை பேர் சேர்ந்துபோனார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்புவோம். அதை யார் சரிபார்ப்பது? அந்த இரண்டு பெண்களும் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருக்கிறார்கள்.

“பிரிக்கத நீ ஆரம்பி. ஆனா நாளைக்குத் தொடங்கப் போறதில்ல. நான் மேடத்த நேர்ல பாத்து சொல்லிட்டு வாரேன்” என்றேன். துணிச்சலாகச் சொன்னதாக உங்களுக்குத் தோன்றலாம். வெங்கட்டைக் கேளுங்கள், பல் அடித்துக்கொண்டிருந்தது என்பான். குளிர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

கிரேஸ் மேடத்தின் போன் அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் இருப்பார் என்று மாரீஸ்வரி சொன்னார். எந்த சர்ச் என்றும் சொன்னார். வேன் எங்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி, சிக்னல் கிடைத்த இடத்தில் வெங்கட்டை லேப்டாப்போடு விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவசரத்தில் ஈரத்தோடு சட்டையை மாட்டியிருந்தேன். வேட்டி காலில் ஒட்டியது. தலையிலிருந்து இன்னும் சொட்டியது. வெயில் கொளுத்தும் வாசலில் அப்படி ஒருவன் நிற்பதைப் பார்த்து ஒரு பெரியவர் வந்து, “என்னய்யா, எதாவது வேணுமா?” என்று கனிவாகக் கேட்டார். ஜெபத்துக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அன்று எனக்கு அதுவும் தேவைதான்.

ஆராதனை முடிந்து கிரேஸ் மேடம் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

வேனில் வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். தொழில்நுட்பக் காரணங்கள், எதிர்பாராத சூழ்நிலை, முன்னெச்சரிக்கை நடவடிக்கை. நல்ல பேச்சு. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“மேடம், அய்யனாருன்னு ஒரு மாட்யூலே இல்ல.”

“என்ன சார் சொல்லுதீங்க?”

“கெடையாது மேடம். நீங்களாச் சொன்னீங்க. நான் ஆமான்னுட்டேன்.”

“அப்ப ரிப்போர்ட்ல இருக்க அய்யனார்?”

“அது நாங்க குளிக்கப் போகத் திட்டம் போட்ட எடம்.”

அவர் என் தலையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார்.

“குளிச்சாச்சு போல” என்றார்.

என் வாழ்க்கையில் அதைவிட மெதுவான குரலில் யாரும் என்னைத் திட்டியதில்லை.

மாரியம்மாள் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கோபப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. வாசலிலேயே நின்று வார்டுக்குப் பேசினார். பழைய சிஸ்டம் தொடரும், நாளை தொடங்குவதாக இருந்தது நின்றது, மறுநாள் ஆபரேஷன் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று நேரில் மறுபடி கேட்க வேண்டும். பிறகு பெரிய டாக்டரிடம் பேசினார். “தப்பு நடந்திருக்கு டாக்டர். அவங்க சொன்னத நான் சரிபாக்காம ஆளுகள மாத்திட்டேன்” என்று தன் பங்கையும் சேர்த்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இடத்திலேயே கரைந்துவிடலாம்போல இருந்தது. ஏற்கெனவே பாதி நனைந்துதான் இருந்தேன்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நாளைக்குக் காலைல அந்த ரெண்டு பேரையும் பழைய வேலைக்கே கூப்பிட்டுருதேன். அவியளோட மூணாவதா ஒரு ஆளு வேணும். நீங்க வாங்க சார். நீங்கதான் வரணும்.”

மாரியம்மாளுக்கு மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போகும்போது மாரீஸ்வரியிடம் சொல்லிக்கொண்டு போனாராம்.

நான் திங்கட்கிழமையிலிருந்து பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்தேன். முத்துக்குமார்களைப் பிரித்தேன். வீடுகளுக்குப் போன் போட்டு, “உங்க வீட்டுக்காரருக்கு எப்பவாது கையில எலும்பு முறிஞ்சிருக்கா?” என்று கேட்டு, நிறைய வசவு வாங்கினேன். அந்த இரண்டு பெண்களும் முதலில் என்னை ‘சார்’ என்றார்கள். வார இறுதியில் “அய்யனாரே, அந்த ஃபைல எடுங்க” என்றார்கள். கேண்டீன் கதை அங்கே இருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

ஏஜென்ட்டைத் தூக்கிவிட்டோமா என்று கேட்பீர்கள். எம்.டி. அதைத்தான் செய்யச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அது எழுதிய எதுவும் அதுவாகக் கற்பனை செய்தது இல்லை. கார்டில் இருந்தது நான் எழுதியது. குறிப்பில் இருந்தது நான் சொன்னது. நடை என்னுடையது. முக்கியமான இடத்தில் ஒரு கேள்வியும் கேட்டது. இந்தக் கதையில் அப்படிக் கேட்டது அதுவும் மாரீஸ்வரியும்தான். நான் செய்தது ஒரு மாற்றம் மட்டும். என் பழைய அறிக்கைகளை அதனிடமிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இப்படிச் சொன்னேன்: ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், அது முடிந்ததைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று எழுது. யாரும் பார்க்கவில்லை என்றால் ‘தெரியாது’ என்று எழுது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் மாரீஸ்வரிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வாய்விட்டுப் படித்தால் ‘கணிசமான முன்னேற்றம்’ என்று சொல்ல நாக்கு கூசும். செய்து பாருங்கள்.

புதிய அறிக்கைகள் பார்க்க அசிங்கமாக இருந்தன. “இத எப்படிய்யா அனுப்புறது? நம்ம மானம் போயிரும்” என்று எம்.டி. தலையில் கை வைத்தார். போவதற்கு அது மிச்சம் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் அனுப்பினேன்.

சில வாரங்களுக்குப் பிறகு, நோயாளிகளின் பெயர்களைச் சரிபார்த்து முடித்த ஒரு வெள்ளிக்கிழமை, அந்த மாதிரி அறிக்கை ஒன்றை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். செத்த நேரத்தில் கிரேஸ் மேடத்திடமிருந்து போன் வந்தது. எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன்.

“சார், ரிப்போர்ட் பாத்தேன். போன வாரம் ஏழெட்டு எடத்துல ‘தெரியாது’ன்னு இருந்துச்சு. இந்த வாரமும் ரெண்டு மூணு எடத்துல இருக்கே.”

“ஆமா மேடம்.”

“அதெல்லாம் நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?”

“நெசமாவே தெரியாது மேடம். எப்பத் தெரியும்னு பக்கத்துல போட்டிருக்கேன்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார் என்று புரிந்தது. நான் நின்றபடியே இருந்தேன். மாரீஸ்வரி தன் வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி சார்” என்றார் கிரேஸ் மேடம். “அப்ப திங்கக்கெழம புது சாஃப்ட்வேர ஆரம்பிச்சிருவோம்.”